ஒப்படைப்பு, கூட்டம், மேடை

வேதிப்பொருள் ஆலை ஒன்றின் பராமரிப்புப் பிரிவில் ஷிப்ட் பொறியாளராகச் சேர்ந்து, பின்னர் திட்டமிடல் கூட்டங்களை நடத்தும் பொறுப்பேற்று, கடைசியில் ஆலையின் அத்தனை தொழிலாளர்கள் முன்னும் நின்று பேச வேண்டிய இடத்துக்கு வந்தவன் நான். மூன்று நிலைகளிலும் என் வேலை நேரத்தின் பெரும்பகுதியைப் பேச்சே எடுத்துக்கொண்டது. ஒருவரிடம் பேசத் தெரிந்தவருக்குப் பத்துப் பேரிடம் பேசவும் வரும், பத்துப் பேரைச் சமாளித்தவருக்கு மேடையும் கைகூடும் என்ற நம்பிக்கை ஆலைகளில் பரவலாக உண்டு. பதவி உயர்வுகள்கூட அந்த நம்பிக்கையில் தரப்படுவதைப் பார்த்திருக்கிறேன். என் அனுபவம் அதை ஏற்க மறுக்கிறது. கேட்பவர்களின் எண்ணிக்கை கூடக் கூட, தமக்கு எது புரியவில்லை என்பதைப் பேசுபவருக்குத் தெரிவிக்க அவர்களுக்கு இருக்கும் வழி சுருங்கிக்கொண்டே போகிறது. இருவர் பேசும்போது திறந்திருக்கும் அந்த வழி, குழுவில் பாதி அடைபடுகிறது. மேடையில் ஏறக்குறைய இல்லாமலே போகிறது. அதைத் திறந்து வைப்பது பேசுபவரின் வேலை என்பதே இத்தனை ஆண்டுகளில் நான் வந்து சேர்ந்திருக்கும் முடிவு.

ஒரு ஷிப்டை முடிப்பவர் அடுத்து வருபவரிடம் வேலையின் நிலவரத்தைச் சொல்லிக் கையளிக்கும் ஷிப்ட் ஒப்படைப்பிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இருவருக்கிடையிலான பேச்சு என்பதன் மிகச் சுருங்கிய, மிகக் கடுமையான வடிவம் அது. எட்டு மணி நேரம் உழைத்துக் களைத்தவர் கிளம்பும் அவசரத்தில் இருப்பார். உள்ளே வருபவரின் மனம் இன்னும் வேலையில் ஊன்றியிருக்காது. ஷிப்டின் நிகழ்வுகளை எழுதிவைக்கும் லாக் புக்கில் "பி பம்பைக் கவனிக்கவும்" என்று ஒரு வரி இருக்கும். எழுதியவருக்கு அந்த ஒற்றை வரிக்குள் ஒரு முழுக் கதையே அடங்கியிருக்கிறது: மதியத்துக்குமேல் பேரிங்கின் வெப்பம் ஏறியது, எண்ணெய் விட்டதும் இறங்கியது, மறுபடி ஏறினால் இதை நிறுத்திவிட்டு ஏ பம்புக்கு மாறிக்கொள்ள வேண்டும். படிப்பவருக்கோ எதைக் கவனிப்பது, எதுவரை கவனிப்பது, கவனித்தபின் என்ன செய்வது என்ற மூன்றில் ஒன்றுகூட அதில் கிடைப்பதில்லை. எழுதியவர் சோம்பேறி என்று சொல்லிவிட முடியாது. தனக்குத் தெரிந்த ஒன்று பிறருக்குத் தெரியாமல் இருக்கும் என்பதைக் கற்பனை செய்வதே மனித மனத்துக்குக் கடினமாக இருக்கிறது.

இதைக் காட்டும் சோதனை ஒன்று உண்டு. எலிசபெத் நியூட்டன் 1990இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தம் முனைவர் பட்ட ஆய்வுக்காகச் செய்தது. எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டின் தாளத்தை ஒருவர் மேசைமேல் விரலால் தட்ட வேண்டும். எதிரில் இருப்பவர் அது எந்தப் பாட்டு என்று சொல்ல வேண்டும். பாதிப் பாட்டுகளையாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் கணித்தார்கள். தட்டப்பட்ட 120 பாட்டுகளில் கண்டுபிடிக்கப்பட்டவை 3. தட்டுபவரின் காதுக்குள் மெட்டும் சொற்களும் ஓடிக்கொண்டிருக்கின்றன; கேட்பவருக்குக் கேட்பது வெறும் டொக் டொக். லாக் புக்கின் பல பக்கங்கள் இப்படி மேசையில் தட்டப்பட்டவைதாம்.

கிளாட் ஷானன் 1948இல் தகவல் தொடர்புக்கு ஒரு கணிதக் கோட்பாட்டை வகுத்தபோது, அனுப்புபவர், வழித்தடம், இரைச்சல், பெறுபவர் என்ற படத்தை வரைந்தார். பயிற்சி வகுப்புகளில் இந்தப் படம் தவறாமல் திரையில் வந்துவிடும். செய்தியின் பொருள் என்ன என்பது தம் பொறியியல் கணக்குக்குத் தொடர்பில்லாதது என்று அதே கட்டுரையின் தொடக்கத்திலேயே அவர் ஒதுக்கி வைத்துவிட்டார் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. ஷிப்ட் ஒப்படைப்பில் சொற்கள் முழுமையாகப் போய்ச் சேர்ந்தும் பொருள் போய்ச் சேராத நாட்களே அதிகம். அதைச் சரிபார்க்க எனக்குத் தெரிந்து உறுதியான வழி ஒன்றுதான் இருக்கிறது: கேட்டவர் தம் சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும். கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் அனுமதியை விமானி திருப்பிச் சொல்வது இதற்காகவே. "புரிந்ததா?" என்று கேட்பதால் பயனில்லை. அந்தக் கேள்விக்கு "புரிந்தது" என்ற ஒரே பதிலைத்தான் மரியாதை அனுமதிக்கிறது.

சொல்வதற்கு எளிதாக இருக்கும் இந்த ஏற்பாடு நடைமுறையில் சிக்கிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. பால் வாட்ஸ்லாவிக்கும் அவருடைய சகாக்களும் 1967இல் எழுதியபடி, ஒவ்வொரு பேச்சிலும் செய்தி ஒரு தளத்திலும், பேசுபவர்களின் உறவு இன்னொரு தளத்திலும் ஓடுகின்றன. இருபது ஆண்டு அனுபவமுள்ள ஆப்பரேட்டரிடம், அண்மையில் சேர்ந்த பொறியாளர் "நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கள்" என்றால், செய்தித் தளத்தில் அது சரிபார்ப்பு. உறவுத் தளத்தில் அவமதிப்பு. எங்கள் ஆலையில் இதற்கு விடை கண்டவர் ஒரு மூத்த ஆப்பரேட்டர். யாரும் கேட்பதற்கு முன்பே அவர், "சார், நான் புரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன், தப்பிருந்தா திருத்துங்க" என்று தொடங்கிவிடுவார். அனுபவத்தில் எல்லோருக்கும் மூத்தவரே அப்படிச் செய்ததால், மற்றவர்களுக்கு அது கௌரவப் பிரச்சினையாக இல்லாமல் போனது. பின்னர் அதையே எல்லோருக்கும் பொதுவான விதியாக எழுதி வைத்தபோது முணுமுணுப்பு எழவில்லை. விதி எல்லோருக்கும் ஒன்றுபோல இருந்தால், அது யாரையும் குறிவைப்பதில்லை.

பதில் வரும் வேகத்தையும் கவனிக்கப் பழகிக்கொண்டேன். பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, ஒரு கேள்வி முடிவதற்கும் பதில் தொடங்குவதற்கும் இடையே சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான் கழிகிறது. உடன்பாடில்லாத பதில்கள் அதைவிடத் தாமதமாக வருகின்றன. "இன்றிரவே முடித்துவிடலாம் இல்லையா?" என்ற கேள்விக்கு ஒரு முழு நொடி கழித்து வரும் "முடிச்சிடலாம்" என்பதை "சந்தேகம்தான்" என்று எடுத்துக்கொண்டு மேலும் இரண்டு கேள்விகள் கேட்பது நல்லது.

ஒப்படைப்பு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் தொழிலில் எல்லோரும் அறிந்த சான்று பைப்பர் ஆல்ஃபா. வட கடலில் இருந்த அந்த எண்ணெய் மேடையில், 1988 ஜூலை 6 அன்று, ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைப் பகல் ஷிப்டில் பராமரிப்புக்காகக் கழற்றிவிட்டு, திறந்திருந்த குழாய் முனையைத் தற்காலிகமாக ஒரு தட்டால் மூடியிருந்தார்கள். வால்வு கழற்றப்பட்டிருக்கும் செய்தி இரவு ஷிப்டுக்குப் போய்ச் சேரவில்லை. இரவில் இன்னொரு பம்பு நின்றுபோனதும், இரவு ஷிப்டினர் இந்தப் பம்பை இயக்கினார்கள். மூடியிருந்த முனை வழியே கசிந்தது தீப்பற்றி வெடித்தது. 167 பேர் இறந்தார்கள். எந்தக் கருவியில் என்ன வேலை நடக்கிறது என்பதைப் பதியும் வேலை அனுமதிச் சீட்டு எழுதப்பட்டுத்தான் இருந்தது என்பதை ஒவ்வொரு முறை படிக்கும்போதும் சற்று நின்றே கடக்கிறேன். 1990இல் வெளிவந்த கல்லன் விசாரணை அறிக்கை 106 பரிந்துரைகளைச் செய்தது. அனுமதிச் சீட்டு முறையிலும் ஷிப்ட் ஒப்படைப்பிலும் இருந்த குறைகளை அது விரிவாகவே பேசுகிறது.

குழுவுக்கு வருவோம். ஆண்டுப் பராமரிப்புக்காக ஆலையை நிறுத்துவதற்கு முன் நடக்கும் திட்டமிடல் கூட்டத்தில், பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்திருப்பார்கள். ஒப்படைப்பில் புரியாதவர் முகத்திலேயே தெரிந்துவிடும். இங்கே ஒவ்வொருவரும், தமக்கு மட்டும்தான் புரியவில்லை போலும், வேறு யாராவது கேட்கட்டும் என்று காத்திருப்பார்கள். கடைசிவரை யாரும் கேட்க மாட்டார்கள். சாலமன் ஆஷ் 1950களில் நடத்திய சோதனைகளில், கோடுகளின் நீளத்தை ஒப்பிடும் எளிய கேள்விக்கு, ஆய்வாளர் முன்கூட்டியே சொல்லிவைத்து உட்காரவைத்த கூட்டாளிகள் அனைவரும் வேண்டுமென்றே தவறான பதிலைச் சொன்னபோது, சோதனைக்கு வந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமான தடவைகளில் அதே தவறான பதிலைச் சொன்னார்கள். ஆஷின் பெயரைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சரியான பதிலைச் சொல்லும் ஒரே ஒரு துணை இருந்தபோது அந்த அளவு பெரிதும் சரிந்துவிட்டது என்பதுதான், கூட்டம் நடத்துபவருக்கு இந்த ஆய்வில் கிடைக்கும் பயனுள்ள பகுதி. முதலில் மாற்றுக் கருத்துச் சொன்னவரைக் கூட்டத்தின் தலைவர் எப்படி நடத்துகிறார் என்பதைப் பார்த்தே மற்றவர்கள் வாய் திறக்கிறார்கள்.

பயத்தால் வரும் மௌனத்தைவிட, கேட்கப்படாததால் வரும் மௌனம் அதிகம் என்பது என் எண்ணம். வெப்பப் பரிமாற்றி ஒன்றைத் திறந்து மூடும் வேலையை ஒரு மணி நேரம் விவாதித்து முடித்த ஒரு கூட்டத்தில், அதற்கான கேஸ்கெட், அதாவது கசிவைத் தடுக்க இணைப்பில் வைக்கும் அடைப்பு, இன்னும் வந்து சேரவில்லை என்பது அங்கே இருந்த பண்டகசாலைப் பொறுப்பாளர் ஒருவருக்கு மட்டுமே தெரிந்திருந்தது. அவர் எதையும் மறைக்கவில்லை. பேச்சு முழுவதும் ஆள் பலத்தையும் கிரேன் நேரத்தையும் சுற்றியே போனதால், அவருடைய முறை வரவே இல்லை. கேரல்ட் ஸ்டாசரும் வில்லியம் டைட்டஸும் 1985இல் காட்டியது இதைத்தான்: எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்ததையே குழுக்கள் திரும்பத் திரும்பப் பேசுகின்றன, ஒருவருக்கு மட்டும் தெரிந்த தகவல் மேசைக்கு வராமலே போய்விடுகிறது. அந்த ஒருவருக்கு மட்டும் தெரிந்த தகவலுக்காகத்தான் கூட்டமே கூட்டப்படுகிறது என்பதை நினைத்தால் இது விந்தையாகத்தான் இருக்கிறது.

அதன்பின் கூட்டங்களில் சில பழக்கங்களைப் புகுத்தினோம். பேச்சு தொடங்குமுன், தம் பிரிவுக்கு மட்டும் தெரிந்த தடைகளை ஒவ்வொருவரும் சில நிமிடம் எழுதித் தர வேண்டும். பதவியில் இளையவர் முதலில் பேசுவார். தலைமை தாங்குபவர் கடைசியில்தான் கருத்துச் சொல்வார். முதலில் எழுதுவதற்கு ஆய்வு ஆதாரமும் உண்டு: குழுவாக உட்கார்ந்து யோசனைகளைக் கொட்டுபவர்களைவிட, அதே எண்ணிக்கையினர் தனித்தனியே யோசித்தபோது அதிக யோசனைகள் கிடைத்தன என்று 1958லேயே கண்டறிந்திருந்தார்கள், ஒருவர் பேசும்போது மற்றவர்களின் சிந்தனை தடைபடுவதே முக்கியக் காரணம் என்று மைக்கேல் டீலும் வோல்ஃப்காங் ஸ்ட்ரோபவும் 1987இல் காட்டினார்கள். பதவி வரிசையைத் திருப்பிப் போட்டதற்கான காரணத்தைத் தேட ஆய்வுக்கூடம் தேவையில்லை. சேலஞ்சர் விண்வெளி ஓடம் 1986 ஜனவரி 28 அன்று சிதறுவதற்கு முந்தைய இரவு, ராக்கெட் மோட்டாரைத் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்கள் குளிரைக் காரணம் காட்டி ஏவுதலை எதிர்த்தார்கள். இறுதி முடிவுக்கு மேலாளர்களிடம் மட்டுமே கருத்துக் கேட்கப்பட்டது. இந்தப் பழக்கங்களுக்கு எல்லையும் உண்டு. வாயு கசியும்போது மேசையைச் சுற்றிக் கருத்துக் கேட்பவர் தலைவராக இருக்கத் தகாதவர். அங்கே ஒருவர் ஆணையிட வேண்டும், மற்றவர்கள் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு ஓட வேண்டும்.

மேடையைப் பற்றிச் சொல்ல எனக்குக் குறைவாகவே இருக்கிறது, ஏனெனில் பேச்சின் வெற்றியில் பெரும்பகுதி மேடைக்கு வெளியே தீர்மானிக்கப்படுகிறது. மேடைப் பேச்சுக்கான பயிற்சிகளில், செய்தியின் 7 விழுக்காடு சொல்லிலும், 38 குரலிலும், 55 முகத்திலும் இருக்கிறது என்று அடித்துச் சொல்வார்கள். அந்த எண்களுக்கு மூலமான ஆல்பர்ட் மெஹ்ராபியனின் 1967ஆம் ஆண்டுச் சோதனைகள், சொல்லும் குரலும் முகமும் ஒன்றுக்கொன்று முரண்படும்போது விருப்பு வெறுப்பு உணர்வை மக்கள் எதிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள் என்பதை மட்டுமே ஆராய்ந்தன. அந்தக் கணக்கு எல்லாப் பேச்சுக்கும் பொருந்துமானால், புதிய ஷிப்ட் அட்டவணையை முகபாவத்தாலேயே அறிவித்துவிடலாம். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும், பேசுபவரின் நம்பகத்தன்மை, கேட்பவரின் மனநிலை, வாதத்தின் வலு என்று அரிஸ்டாட்டில் பிரித்ததே எனக்கு உதவியிருக்கிறது. நம்பகத்தன்மையை மேடையில் ஏறியபின் உண்டாக்க முடியாது. சென்ற முறை சொன்னதைச் செய்தோமா என்பதை வைத்து அது முன்பே முடிவாகியிருக்கும்.

திருக்குறளில் "அவையறிதல்" 72ஆம் அதிகாரமாகவும் "அவையஞ்சாமை" அதற்கடுத்ததாகவும் வருகின்றன; அந்த வரிசையை நான் நடைமுறை அறிவுரையாகவே எடுத்துக்கொண்டேன். பேச வேண்டிய நாளுக்கு முன்பே ஒவ்வொரு ஷிப்டிலும் சிலரைச் சந்தித்து, இந்த விஷயத்தில் அவர்கள் காதில் என்ன விழுந்திருக்கிறது, எதை அஞ்சுகிறார்கள் என்று கேட்டுவிடுவேன். மேடையில் எழ முடியாத கேள்விகள் அப்படி முன்கூட்டியே கைக்கு வந்துவிடும். உரையின் வரிசையை அந்தக் கேள்விகளே தீர்மானிக்கும். நடுக்கத்தைப் பொறுத்தவரை, பேசுபவர் நினைக்கும் அளவுக்கு அது பார்ப்பவர்களுக்குத் தெரிவதில்லை என்பதையும், அதை முன்னரே அறிந்தவர்கள் மேலும் நன்றாகப் பேசினார்கள் என்பதையும் 2003இல் சாவிட்ஸ்கியும் கிலோவிச்சும் பதிவு செய்திருக்கிறார்கள். இளம் பொறியாளர்களுக்கு இதைச் சொல்லித் தருவது மூச்சுப் பயிற்சியைவிடப் பலன் தருகிறது.

உரைக்குப் பின் செய்வதைத்தான் நான் மிகவும் வற்புறுத்துவேன். கூடுதல் நேர வேலைக்கான விதிகள் மாறிய சமயத்தில், ஆலை முழுவதற்கும் பேசி முடித்த மறுநாள், ஒவ்வொரு ஷிப்டின் மேற்பார்வையாளரும் தம் குழுவிடம் "நேற்று என்ன சொன்னார்கள்?" என்று மட்டும் கேட்டு, வந்த பதில்களை அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதி அனுப்பும்படி கேட்டுக்கொண்டோம். பகல் ஷிப்டின் தாள் உரையோடு ஏறக்குறைய ஒத்துப்போனது. இரவு ஷிப்டினரோ, கூடுதல் நேர வேலை இனி கட்டாயம் என்று நான் சொன்னதாகவே எழுதியிருந்தார்கள். முன்னறிவிப்புப் பற்றிய வாக்கியம் ஒன்றை இரண்டு விதமாகப் படிக்க இடமிருந்தது, அவர்கள் அஞ்சிய விதத்தில் அதைக் கேட்டிருந்தார்கள். அன்று மாலையே அந்த வாக்கியத்தை இரண்டாகப் பிரித்து, "விருப்பமுள்ளவர்கள் மட்டும்" என்ற சொற்களை முன்னால் கொண்டுவந்து, அறிவிப்புப் பலகையில் புதிதாக ஒட்டினோம்; இரவு ஷிப்டின் ஒப்படைப்பில் மேற்பார்வையாளர் அதை வாசிக்க, இரண்டு பேர் திருப்பிச் சொன்னார்கள்.