பழைய லேண்ட் ரோவர் ரிம்மும் டியூப்லெஸ் டயரும்

கந்தப்பளைப் பக்கம் பழைய லேண்ட் ரோவர் வைத்திருப்பவர்கள் கூடினால் எஞ்சினைப் பற்றிப் பேசுவார்கள், அப்புறம் பிரேக், அப்புறம் டயர் விலை. ரிம்மைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. எனக்கு அது பெரிய மனக்குறை. பழைய ரிம்மில் டியூப்லெஸ், அதாவது உள்ளே டியூப் இல்லாத டயர், போடலாமா என்று என்னிடம் கேட்கும் தம்பிமாருக்கெல்லாம் ஒரே பதில்தான்: முதலில் வீலைக் கழற்றிப் படுக்கப்போட்டு ரிம்மைப் பாருங்கள்.

எங்கள் வண்டி 1960களில் வந்த சீரிஸ் டூ ஏ, 109 அங்குல வீல்பேஸ். அப்பா ஒரு தோட்டத்திலிருந்து வாங்கியது. லீக்ஸ், கரட், கோவா ஏற்றிக்கொண்டு விடியுமுன் நுவரெலியா பொருளாதார மத்திய நிலையத்துக்குப் போய்வருவதுதான் அதன் வேலை. அதற்குரிய டயர் அளவு 7.50-16, உள்ளே டியூப். இன்று அதே உயரத்தில் நல்ல ரேடியல், அதாவது இக்காலத்து வகை டயர், வேண்டுமென்றால் 235/85R16 எடுக்கலாம். இரண்டும் ஏறக்குறைய 80 சென்டிமீட்டர் உயரம். ஆனால் இந்த ரேடியல் அநேகமாக டியூப்லெஸ்ஸாகத்தான் வரும். சிக்கல் அங்கே தொடங்குகிறது.

லேண்ட் ரோவர் வெளிவந்தது 1948இல். பி.எஃப். குட்ரிச் கம்பனி டியூப்லெஸ் டயரை அறிவித்ததே 1947இல்தான். ஆகவே டியூப் இருக்கும் என்ற கணக்கில்தான் அந்தக் காலத்து ரிம்மைச் செய்தார்கள். காற்றைப் பிடித்துவைப்பது ரிம்மின் வேலையாக இருக்கவில்லை. எங்கள் வண்டியில் நடுத்தட்டையும் வெளிவளையத்தையும் ரிவெட் அடித்துச் சேர்த்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட ரிம்மில் டியூப் இல்லாமல் காற்றடித்து, பிரஷ்ஷால் சவர்க்காரத் தண்ணீர் தடவிப் பாருங்கள். ஒரு ரிவெட் தலை காய்ந்தே இருக்கும். பக்கத்து ரிவெட்டைச் சுற்றிப் பொடிப்பொடியாக நுரை கட்டி, மெதுவாகப் பெருத்து, வெடித்து, மறுபடி வரும். "ராவோட ராவா இறங்கிரும் தம்பி" என்று எங்கள் டயர்க்கடை அண்ணன் சொல்வது இதைத்தான். சிலிக்கன் பூசி அடைக்கலாம் என்பவர்கள் உண்டு. மூட்டைகளோடு கல் ரோட்டில் முறுக்குப்படும் ரிம்மில் அந்தப் பூச்சு எத்தனை காலம் நிற்கும்? எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

ரிவெட்டைக்கூட ஒருவிதத்தில் சமாளிக்கலாம். என்னைப் பயமுறுத்துவது ஹம்ப் இல்லாததுதான். டியூப்லெஸ்ஸுக்கென்று செய்த ரிம்மில், டயரின் விளிம்பு உட்காரும் இடத்துக்கு உட்பக்கமாக, சுற்றிலும் ஒரு சின்ன வரப்பு போல மேடு ஓடும். காற்றுக் குறைந்து வளைவில் டயர் பக்கவாட்டில் இழுபட்டாலும் விளிம்பு ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் நழுவாமல் அதுதான் தடுக்கிறது. அதுதான் ஹம்ப். ரிம்மில் 7Jx16 H2 என்பது போல அடித்திருந்தால், அந்த H எழுத்து ஹம்ப்பைக் குறிக்கும். எங்கள் பழைய ரிம்மில் 5.50F மட்டும்தான், அதாவது ஐந்தரை அங்குல அகலம், H இல்லை. அங்கே விளிம்பைப் பிடித்திருப்பது காற்றழுத்தம் ஒன்றே. இறம்பொடை இறக்கத்தில், நிறைந்த லோடோடு, முன் டயரின் விளிம்பு நழுவினால் காற்று முழுவதும் ஒரே நொடியில் போய்விடும். ஆணி ஏறினாலும் மெல்லத்தான் இறங்கும் என்று டியூப்லெஸ்ஸைப் புகழ்கிறோமே, அந்த நன்மைக்கு அங்கே இடமே இல்லை.

அகலமும் பொருந்தாது. 235/85R16க்கு 6 முதல் 7.5 அங்குலம் வரை அகலமான ரிம் வேண்டும். ஐந்தரை அங்குலத்தில் திணித்தால் டயரின் நடுப்பகுதி தூக்கிக்கொண்டு அங்கேயே தேயும்.

பழைய ரிம்தான் கையில் இருக்கிறது என்றால் 7.50R16 ரேடியல் எடுத்து, டியூப் போட்டு ஓட்டுங்கள். டியூப்லெஸ் என்று எழுதிய டயருக்குள் டியூப் போடுவதானால் டயரின் உட்புறத்தைக் கையால் தடவிப் பாருங்கள். மேடுமேடாக வரிகள் இருக்கும், பார்கோட் ஸ்டிக்கரும் ஒட்டியிருக்கும். ரேடியல் டயர் ஓடும்போது அதிகம் வளைந்து கொடுக்கும், அப்போது இவை டியூபில் உரசிச் சூடேற்றும். ஸ்டிக்கரை உரித்து, நன்றாகப் பவுடர் தூவி, ரேடியலுக்கென்று வரும் சரியான அளவு டியூபைப் போடுங்கள். ரிம்மின் துருவையும் வயர் பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள், டியூபை ஓட்டையாக்குவதில் அதுவும் ஒன்று.

காற்றைப் பற்றியும் ஒரு விஷயம். கொழும்பில் அடித்த காற்று நுவரெலியாவில் கூடிவிடும் என்று சிலர் வழியிலேயே இறக்குகிறார்கள். 1,868 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜில் 3 பி.எஸ்.ஐ. அளவு கூடும் என்பது சரிதான். ஆனால் 30 பாகை வெயிலில் அடித்த 30 பி.எஸ்.ஐ., மேலே 12 பாகைக் குளிரில் கிட்டத்தட்ட அதே அளவு குறையவும் செய்யும். ஒன்றை ஒன்று சரிக்கட்டிவிடுகிறது. வீணாக இறக்காதீர்கள்.

நான் கடைசியில் எடுத்தது முதல் தலைமுறை லேண்ட் ரோவர் டிஸ்கவரியின் இரும்பு ரிம். வெல்ட் செய்தது, ஏழு அங்குலம், ஹம்ப் உண்டு. ஐந்து போல்ட், அவை நிற்கும் வட்டம் 165.1 மில்லிமீட்டர், எங்கள் ஹப்பில் அப்படியே ஏறுகிறது. ஆனால் போல்ட்டின் தடிமனைப் பார்த்தே ஆக வேண்டும். பழைய சீரிஸ் வண்டிகளில் 9/16 அங்குலம், பிறகு வந்தவற்றில் 16 மில்லிமீட்டர். நட்டின் கூம்பு ரிம்மின் ஓட்டையில் முழுவதுமாக உட்காராவிட்டால் மாட்டவே மாட்டாதீர்கள். வால்வு ஓட்டையையும் அளந்து வாங்குங்கள். 11.5 மில்லிமீட்டர் ஓட்டைக்கு ஒரு ரப்பர் வால்வு, 15.7க்கு வேறொன்று. ரிம் அகலமானதால் டயர் கொஞ்சம் வெளியே நிற்கிறது. ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து, எங்காவது உரசுகிறதா என்று பார்த்த பிறகே ரோட்டில் இறக்கினேன்.

2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது இந்த ரிம்முக்கும் நல்ல கிராக்கி வந்தது. எனக்கு நாலுதான் கிடைத்தது. ஸ்பெயார் வீல் இன்னும் பழைய ரிவெட் ரிம்தான், 7.50R16 ரேடியல், உள்ளே டியூப். வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் யாரிடமாவது கோணாத டிஸ்கவரி ரிம் ஒன்று சும்மா கிடந்தால் சொல்லுங்கள், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.