சீறல் ஒலியைத் தேடியபோது: பிரேக் பூஸ்டர் ஹோஸ் மாற்றிய அனுபவம்

கடந்த மாதம் ஒரு காலையில், பனிமூட்டம் விலகட்டும் என்று இலங்கை மலையகத்தின் கொட்டகலையில் வீதியோரம் காரை நிறுத்தி, என்ஜினை அணைக்காமல் காத்திருந்தேன். அப்போதுதான் பொனட்டுக்கு அடியிலிருந்து பாம்பு சீறுவது போன்ற ஒலி இடைவிடாமல் வருவதை முதன்முதலாகக் கவனித்தேன். 25 ஆண்டுகளைக் கடந்த ஜப்பானியக் கார் அது. நிமிடத்துக்கு 750 சுற்றில் நிற்கும் அதன் ஐட்லிங் (அக்சிலேட்டரை மிதிக்காதபோது என்ஜின் ஓடும் வேகம்) அன்று 1,100ஐத் தொட்டிருந்தது. அக்சிலேட்டரை அழுத்தினால் சீறல் குறைந்தது. காலை எடுத்ததும் திரும்ப வந்தது.

அந்த ஏற்ற இறக்கமே முதல் தடயமாயிற்று. ரேடியேட்டர் ஹோஸிலிருந்து நீராவி கசிந்தால் என்ஜின் சூடேறிய பின்னரே ஒலி கேட்கும். புகைக்குழாய்ப் பக்கம் கசிந்தால் சுற்றோடு சேர்ந்து துடிக்கும் ஒலி வரும், அக்சிலேட்டரை அழுத்த அது கூடும். ஐட்லிங்கில், உள்ளே வரும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ரொட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்க, பிஸ்டன்கள் காற்றை இழுப்பதால், என்ஜினுக்குக் காற்றைப் பிரித்தனுப்பும் குழாய்த்தொகுதியான இன்டேக் மேனிஃபோல்டுக்குள் அழுத்தம் வெளியிலுள்ளதைவிட மிகக் குறைந்து நிற்கும். எங்கேனும் சிறு வெடிப்பு இருந்தால் வெளிக்காற்று அதன் வழியாகச் சீறிக்கொண்டு உள்ளே பாயும். த்ரொட்டில் திறந்ததும் இரு பக்க அழுத்தங்களும் நெருங்குவதால் சீறல் தணியும். என் காரில் காற்றின் அளவு மேனிஃபோல்ட் அழுத்தத்தைக் கொண்டே கணிக்கப்படுகிறது. ஆகவே கள்ளத்தனமாக நுழையும் காற்றுக்கும் பெற்றோல் சேர்ந்துவிடுகிறது, ஐட்லிங் உயர்கிறது.

வெற்றிடமானி ஒன்றை இரவல் வாங்கி மேனிஃபோல்டில் பொருத்தியபோது முள் 11 அங்குலத்தில் நின்றது (இந்த அளவு பாதரச அங்குலத்தில், உறிஞ்சல் கூடினால் எண்ணும் கூடும்). கையேடுகள் 17 முதல் 21 அங்குலம் வரை இருக்க வேண்டும் என்பதால், என்ஜினே தேய்ந்துவிட்டதோ என்று ஓர் இரவு முழுவதும் கவலைப்பட்டேன். அந்தக் கணக்கு கடல் மட்டத்துக்குரியது என்பது மறுநாள்தான் நினைவுக்கு வந்தது. 1,000 அடி உயரத்துக்கு ஏறத்தாழ 1 அங்குலம் வீதம் குறைத்துக்கொள்ள வேண்டும். ஹட்டன், கொட்டகலைப் பகுதி ஏறக்குறைய 4,000 அடி உயரத்தில் இருப்பதால் எங்களுக்கு 13 முதல் 17 வரை வந்தாலே போதும். மலையில் வாகனம் வைத்திருப்பவர்கள் இந்தக் கழித்தலை அவசியம் அறிந்திருக்க வேண்டும் என்பேன். எனினும் 11 என்பது இங்கும் குறைவுதான்.

ஒரு மீட்டர் நீளமுள்ள ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை விசிறியும் பெல்ட்டும் படாத இடங்களில் மெல்ல நகர்த்திக் கேட்டேன். மேனிஃபோல்டின் பின்புறம், என்ஜினுக்கும் முன்கண்ணாடிக்கும் இடைப்பட்ட சுவரருகே ஒலி வலுத்தது. சவர்க்கார நீர் தெளித்தால் குமிழி வரும் என்று சிலர் சொல்வார்கள். வெளியே காற்றைத் தள்ளும் கசிவுக்கே அது பொருந்தும், இங்கே நீர் உள்ளே இழுக்கப்பட்டுவிடும். பெற்றோல் தெளித்துப் பார்க்கும் வழக்கத்தை நான் அடியோடு மறுக்கிறேன். சூடான புகைக்குழாயின் மேல் ஒரு துளி விழுந்தாலும் தீப்பிடிக்கலாம்.

அந்த இடத்தில், மேனிஃபோல்டின் வெற்றிடத்தைக் கொண்டு பிரேக் மிதியை இலகுவாக்கும் பிரேக் பூஸ்டருக்குச் செல்லும் தடித்த ஹோஸ்தான் முதல் சந்தேகம். ஆயினும் அதை நான் தவறாக விடுவித்துவிட்டேன். என்ஜினை அணைத்துச் சில நிமிடங்களுக்குப் பின் பிரேக்கை மிதித்தபோது முதல் இரண்டு மிதிகளும் வழக்கம்போல் இலகுவாகவே இறங்கின. என்ஜின் ஓடும்போது மிதித்தாலும் சீறல் மாறவில்லை. பூஸ்டருக்கு அருகே ஹோஸைத் துணி சுற்றிய குறட்டால் நெரித்தும் பார்த்தேன், மாற்றமில்லை. பிறகு இரண்டு நாட்கள் மேனிஃபோல்ட் இணைப்பைக் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட்டின் மேல் வீணாகச் செலவாயின.

எங்கள் ஊர்க் கராஜில் பாஸ் அண்ணனிடம் நடந்ததைச் சொன்னபோது அவர் ஒரே கேள்வி கேட்டார்: "தம்பி, பூஸ்டர் பக்கம் நெரிச்சீங்க சரி, என்ஜின் பக்கம் நெரிச்சீங்களா?"

வீட்டுக்கு வந்து மேனிஃபோல்டை ஒட்டிய முனையில் நெரித்ததும் சீறல் நின்றது, ஐட்லிங்கும் இறங்கியது. ஹோஸின் நடுவே ஒருவழி வால்வு ஒன்று இருக்கிறது. வெடிப்பு அந்த வால்வுக்கும் மேனிஃபோல்டுக்கும் இடையில் இருந்ததால், என்ஜின் நின்றதும் வால்வு மூடிக்கொண்டு பூஸ்டருக்குள் இருந்த வெற்றிடத்தைக் காத்துவிட்டது. என் சோதனைகள் எல்லாம் வால்வுக்கு அப்பால், பூஸ்டர் பக்கம் இருந்த பகுதியை மட்டுமே சோதித்தன. ஹோஸைக் கழற்றி வளைத்தபோது, இரும்புத் தாங்கியில் உரசிய அடிப்பக்கத்தில் விரல் நகம் அளவுக்கு வெடிப்பு வாய் திறந்தது.

கடையில் முதலில் தண்ணீர் ஹோஸ் ஒன்றை வெட்டித் தரப் பார்த்தார்கள். மெல்லிய ஹோஸ் உறிஞ்சலில் ஒட்டிச் சப்பையாகிவிட்டால் பூஸ்டருக்கு வெற்றிடம் கிடைக்காது. டெவன் பக்க மலைவீதி வளைவுகளில் இறங்குபவன் அதற்குத் துணியக்கூடாது. ஆகவே உள்ளே நூல் பின்னலிட்ட, பிரேக் பூஸ்டருக்கென்றே வரும் ஹோஸை, அதே உள் விட்டத்தில் வாங்கினேன். பழைய வால்வை வாயால் ஊதிப் பார்த்தேன்: பூஸ்டர் முனையிலிருந்து காற்று போனது, எதிர்முனையிலிருந்து போகவில்லை. ஆகையால் அதையே, அம்புக்குறி என்ஜினை நோக்கியிருக்குமாறு பொருத்தினேன். உரசிய தாங்கிக்கும் ரப்பர் உறை போட்டேன்.

என்ஜினை ஸ்டார்ட் செய்தபோது சீறல் இல்லை. ஐட்லிங் 750க்கு இறங்கியது, முள் 15க்குச் சற்று மேலே அசையாமல் நின்றது. என்ஜினை அணைத்து, மிதி கடினமாகும்வரை பிரேக்கைப் பலமுறை மிதித்து, காலை எடுக்காமலே மீண்டும் ஸ்டார்ட் செய்தேன். மிதி காலடியில் மெல்லத் தாழ்ந்தது. முதலில் சமதரையிலும், பின்னர் தாழ்ந்த கியரில் தலவாக்கலை வரையும் ஓட்டிப் பார்த்துவிட்டேன். அதே வயதுடைய மற்ற ரப்பர் ஹோஸ்களையும் இந்த வார இறுதியில் ஒவ்வொன்றாக வளைத்துப் பார்க்கவிருக்கிறேன்.