எஃப்எம் ஸ்டேஷன் யாருடையது என்று காகிதத்தில் தேடுவது எப்படி

இந்த எஃப்எம் யாருடையது என்று கேட்டால் டீக்கடையில்கூடப் பதில் கிடைத்துவிடும். பெரும்பாலும் அது சரியான பதிலாகவும் இருக்கும். ஆனால் ஒரு கட்டுரை எழுதவோ, புகார் கொடுக்கவோ, தகவல் உரிமை மனு போடவோ உட்கார்ந்தால் ‘எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே’ என்பது செல்லாது, காகிதம் வேண்டும். இந்தியாவின் தனியார் எஃப்எம் விஷயத்தில் காகிதத்துக்குப் பஞ்சமே இல்லை. கட்சியின் பெயர் மட்டும் எதிலும் இருக்காது. இருக்கக் கூடாது என்பதுதான் விதி.

2011 ஜூலை 25 அன்று மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் வெளியிட்ட மூன்றாம் கட்டக் கொள்கைதான் இப்போது நடைமுறையில் இருப்பது. எஃப்எம் நடத்தத் தகுதியில்லாதவர்கள் யார் என்று அதில் ஒரு பட்டியல் உண்டு. அறக்கட்டளைகளும் சங்கங்களும் அவற்றின் பிடியில் உள்ள கம்பெனிகளும், மத அமைப்புகளைச் சேர்ந்தவை, விளம்பர ஏஜென்சிகள், அரசியல் அமைப்புகளைச் சேர்ந்தவை எல்லாம் அதில் வரும். அரசியல் அமைப்பு என்றால் அரசியலையே முழு நோக்கமாக அல்லது முக்கிய நோக்கமாகக் கொண்ட அமைப்பும், அதோடு இணைந்தவையும். ஓட்டை இங்கேதான். கட்சி என்பது அமைப்பு. கட்சித் தலைவரின் மருமகனோ அமைச்சரின் அண்ணனோ அமைப்பு இல்லை. அவர் பெயரில் ஒரு கம்பெனி இருந்து, அது அலைவரிசை ஏலத்தில் பணம் கட்டினால் இந்த விதி அவரைத் தொடாது.

தமிழ்நாட்டில் இதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. சன் டிவியை 1993-ல் தொடங்கிய கலாநிதி மாறன், முரசொலி மாறனின் மகன். தம்பி தயாநிதி மாறன் 2004 முதல் 2007 வரை மத்திய தொலைத்தொடர்பு அமைச்சர். சன் டிவி நெட்வொர்க்கில் நிறுவனர் தரப்புப் பங்கு 75 சதவீதம். சன் டிவியின் அலுவலகம் பல வருடம் திமுக தலைமையகமான அண்ணா அறிவாலய வளாகத்திலேயே இருந்தது. 2007 மே மாதம், சன் குழும நாளிதழான தினகரன் கருணாநிதியின் வாரிசு யார் என்று போட்ட கருத்துக்கணிப்பு விவகாரத்தில் மதுரை அலுவலகம் தாக்கப்பட்டு மூன்று பேர் செத்தார்கள். தயாநிதி பதவி விலகினார், அதே செப்டம்பரில் கலைஞர் டிவி வந்தது. 2008 டிசம்பரில் கருணாநிதி, மாறன் குடும்பங்கள் ஒன்றுசேர்ந்தன. ஒட்டுதல், வெட்டு, மறுபடி ஒட்டுதல் என்று இத்தனையும் நடந்தபோது சன் குழுமத்தின் கட்டுப்பாடு கலாநிதி கையைவிட்டுப் போகவே இல்லை. பங்குப் பட்டியலைப் பார்த்து உரிமையாளரைச் சொல்லலாம். இந்த மாதம் அவருக்கு அறிவாலயத்தோடு பேச்சுவார்த்தை உண்டா இல்லையா என்பதை அதில் தேடக் கூடாது.

2015 எஃப்எம் அலைவரிசை ஏலத்தில் இன்னொரு பக்கம் தெரிந்தது. மாறன் சகோதரர்கள் மீது அப்போது ஏர்செல் மேக்சிஸ் வழக்கு (ஏர்செல் தொலைபேசிக் கம்பெனி கைமாறியது தொடர்பான ஊழல் வழக்கு) இருந்ததால், சன் குழும எஃப்எம்களுக்குப் பாதுகாப்பு அனுமதி தர முடியாது என்றது உள்துறை அமைச்சகம். சூரியன் எஃப்எம்முக்காகச் சென்னை உயர் நீதிமன்றமும் ரெட் எஃப்எம்முக்காக டெல்லி உயர் நீதிமன்றமும் இடைக்கால உத்தரவு போட்டு ஏலத்தில் கலந்துகொள்ள வைத்தன. 2017 பிப்ரவரியில் அந்த வழக்கிலிருந்து இருவரையும் சிறப்பு நீதிமன்றம் விடுவித்தது. அரசியல் செல்வாக்கு உரிமம் வாங்கித் தரும் என்று நினைப்பவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். டெல்லியில் ஆட்சி மாறினால் அதே செல்வாக்கு பாரமாகிவிடும்.

சரி, தேடும் வேலைக்கு வருவோம். முதல் தடுமாற்றமே பெயரில்தான். காதில் கேட்கும் பெயர் வேறு, அனுமதி வாங்கிய கம்பெனி வேறு. ஹலோ எஃப்எம் என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. மலர் பப்ளிகேஷன்ஸ் என்று தேட வேண்டும், அது தினத்தந்தி குழுமம். மிர்ச்சிக்கு என்டர்டெயின்மென்ட் நெட்வொர்க் இந்தியா, ரேடியோ சிட்டிக்கு மியூசிக் பிராட்காஸ்ட், சூரியனுக்கு சன் டிவி நெட்வொர்க், கல் ரேடியோஸ். ரெட் எஃப்எம் பக்கம் போனால் டிஜிட்டல் ரேடியோ, சவுத் ஏஷியா எஃப்எம். ஊர் வாரியாக எந்த அலைவரிசை எந்தக் கம்பெனிக்கு என்ற பட்டியலை தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் தளத்திலேயே எடுக்கலாம். அதில் உள்ள பெயரை ஒரு எழுத்து மாறாமல் குறித்துக்கொள்ளுங்கள்.

பங்குச் சந்தையில் உள்ள கம்பெனி என்றால் வேலை சுலபம். ஒவ்வொரு காலாண்டும் முடிந்த 21 நாட்களுக்குள் பங்கு விவரத்தைச் சந்தைக்குத் தந்தாக வேண்டும். நிறுவனர்கள் பெயர் பெயராக வருவார்கள், பொதுமக்கள் தரப்பில் ஒரு சதவீதத்துக்கு மேல் வைத்திருப்பவர்களும் வருவார்கள்.

சந்தைக்கு வராத கம்பெனிதான் படுத்தும். அதற்கு கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் கணக்குத் தொடங்கி, ஒரு கம்பெனிக்கு 100 ரூபாய் கட்டினால் அது தாக்கல் செய்த ஆவணங்களைப் பார்க்கலாம். பார்க்கும் நேரம் மூன்று மணிதான், அதனால் திறந்த உடனே எல்லாவற்றையும் இறக்கிக்கொண்டு பிறகு நிதானமாகப் படியுங்கள். 21 எழுத்து அடையாள எண்ணே கொஞ்சம் சொல்லும். முதல் எழுத்து ‘எல்’ என்றால் சந்தையில் உள்ளது, ‘யு’ என்றால் இல்லாதது. நடுவில் மாநிலமும் தொடங்கிய வருடமும் இருக்கும். ஏலத்துக்குச் சில மாதம் முன்னால் பிறந்த கம்பெனி என்றால் அங்கேயே ஒரு கோடு போட்டுக்கொள்ளலாம்.

எடுக்க வேண்டியது முதலில் எம்ஜிடி-7. ஆண்டறிக்கைப் படிவம் இது, பங்குதாரர் பட்டியல் இதோடு இணைப்பாக வரும். படிவத்தை மட்டும் இறக்கிவிட்டு இணைப்பை விட்டுவிடுகிறவர்கள் நிறைய. அடுத்து டிஐஆர்-12, இயக்குநர்கள் வந்ததும் போனதும் இதில். தேர்தலுக்கு முன் ஒருவர் விலகி அவர் மனைவி உள்ளே வருவது மாதிரியான மாற்றங்களைத் தேதியோடு காட்டும். பிறகு பென்-2. கம்பெனிக்கு மேல் கம்பெனி அடுக்கியிருந்தாலும், கடைசியில் பத்து சதவீதமோ அதற்கு மேலோ பலன் பெறும் ஆள் யார் என்று அறிவிக்க வேண்டிய படிவம். கேட்க அருமையாக இருக்கும். நடுவில் உள்ள கம்பெனியில் அந்த ஆளுக்குப் பாதிக்கு மேல் இருந்தால்தான் மறைமுகப் பங்கு கணக்கில் வரும் என்பதுதான் சிக்கல். 49 சதவீதம் வைத்திருப்பவர், வேறு வகையில் கட்டுப்பாடு இருப்பதாக அறிவித்தால் ஒழிய, இதில் தெரியமாட்டார்.

நேரம் குறைவு என்றால் மற்றதை விட்டுவிட்டு ஏஓசி-4-ஐ எடுங்கள். வருடக் கணக்கு அது. லாப நட்டத்தைத் தாண்டி, கடைசிப் பக்கங்களில் உள்ள குறிப்புகளுக்குப் போங்கள். ‘தொடர்புடைய தரப்பினருடனான பரிவர்த்தனைகள்’ என்று ஒரு குறிப்பு இருக்கும். ஸ்டேஷனுக்கு ஈடில்லாமல் கடன் கொடுத்தது யார், அந்தக் கடன் பின்னால் பங்காக மாறுமா, கட்டிட வாடகை யாருக்குப் போகிறது, விளம்பர நேரத்தை மொத்தமாக வாங்கும் கம்பெனி எது என்பதெல்லாம் அங்கே கிடைக்கும். பத்தாயிரம் ரூபாய் பங்கு வைத்திருப்பவர் பெயரில் கம்பெனி, பத்துக் கோடி கடன் கொடுத்தவர் வேறொருவர் என்றால் யார் முதலாளி என்பதை விளக்க வேண்டியதில்லை. பினாமி என்று அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள், அது சட்டத்தில் தனிக் குற்றம். கடன் எவ்வளவு, கொடுத்தது யார் என்பதை மட்டும் எழுதினாலே போதும்.

கொள்கையில் வேறு சில தடுப்புகளும் உண்டு. மிகப் பெரிய இந்தியப் பங்குதாரரிடம் குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும், ஸ்டேஷன் ஓடத் தொடங்கி மூன்று வருடத்துக்கு அவர் மாறக் கூடாது. ஒரே ஊரில் 40 சதவீதத்துக்கு மேல் அலைவரிசைகள் ஒருவர் கைக்குப் போகக் கூடாது. ஆனால் நாளிதழும் டிவியும் கேபிளும் வைத்திருப்பவர் எஃப்எம்மும் வைத்திருக்கலாமா என்ற கேள்விக்கு ‘கூடாது’ என்ற பதில் இந்தியச் சட்டத்தில் இல்லை. எனக்குக் கட்சித் தொடர்பைவிட இதுதான் பெரிய ஓட்டையாகத் தெரிகிறது.

இப்போது மறுமுனை. ஆள் அரசியல்வாதி என்றால் வேட்புமனுவோடு தந்த படிவம் 26 பிரமாணப் பத்திரம் தேர்தல் ஆணையத் தளத்தில் இருக்கும். அதில் பங்குகளைக் கம்பெனி வாரியாக எழுதியாக வேண்டும். ஆனால் தன் பெயர், துணைவர், இந்துக் கூட்டுக் குடும்பம், தன்னைச் சார்ந்து வாழ்பவர்கள், அவ்வளவுதான். சொந்தமாகச் சம்பாதிக்கும் மகன் அதில் வரமாட்டான். அண்ணன் தம்பியும் வரமாட்டார்கள். ஆகவே பிரமாணப் பத்திரத்தில் இல்லை என்பதை ‘தொடர்பு இல்லை’ என்று படித்துவிடக் கூடாது. பிரமாணப் பத்திரத்தில் உள்ள முகவரியையும் கம்பெனியின் பதிவு அலுவலக முகவரியையும் ஒப்பிட்டுப் பாருங்கள், சில சமயம் கதவு எண் ஒத்துப்போகும்.

தனியார் எஃப்எம் சொந்தமாகச் செய்தி வாசிக்க முடியாது. ஆல் இந்தியா ரேடியோவின் செய்தியை மாற்றாமல் ஒலிபரப்பலாம். போக்குவரத்து, வானிலை, தேர்வு முடிவு மாதிரியானவை செய்தியாகவே கருதப்படுவதில்லை. அப்படியானால் கட்சி எங்கே கேட்கும்? விளம்பரத்தில். எந்தத் துறையின் சாதனை ஸ்பாட் எந்த ஸ்டேஷனில் எத்தனை முறை ஓடுகிறது, ஆட்சி மாறியதும் அது எந்த ஸ்டேஷனுக்கு நகர்கிறது என்பதில்தான் தெரியும். குழுமமே தயாரித்த படத்தின் பாட்டு ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை வருகிறது என்பதிலும், மழைநீர் தேங்கிய நாளில் ஆர்ஜே மாநகராட்சியைக் கிண்டல் செய்கிறாரா, மேகத்தை மட்டும் கிண்டல் செய்கிறாரா என்பதிலும் தெரியும்.

ஆர்ஜே பேச்சை நிரூபிக்க முடியாது, விளம்பரப் பணத்தை முடியும். மத்திய அரசு விளம்பரங்களுக்கான எஃப்எம் அடிப்படைக் கட்டணம் 2023-ல் பத்து வினாடிக்கு 52 ரூபாயிலிருந்து 74 ஆனது. மாநில விளம்பரங்களுக்குச் செய்தி மக்கள் தொடர்புத் துறையிடம் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடலாம். கேள்வியை ‘ஏன் அவர்களுக்கு அதிகம்’ என்று கேட்டால் அது தகவல் இல்லை, கருத்து என்று திருப்பிவிடுவார்கள். ‘இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை, வானொலி நிறுவனம் வாரியாக, மாதம் வாரியாக, வழங்கிய தொகை, வினாடிகள், ஆணை நகல்’ என்று கேளுங்கள். மூன்றாம் தரப்பின் வணிக ரகசியம் என்று சட்டப் பிரிவு 8(1)(டி)-யைக் காட்டி மறுத்தால், அரசு செலவழித்த பணம் என்று சொல்லி 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். தொகை வந்ததும் ஏஓசி-4-ல் உள்ள வருமானத்தோடு வைத்துப் பாருங்கள். அரசு விளம்பரம் போனால் அந்த ஸ்டேஷன் நிற்குமா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை 234 புதிய ஊர்களில் 730 அலைவரிசைகளை ஏலம் விட ஒப்புதல் தந்தது. தமிழ்நாட்டில் கரூர், திண்டுக்கல், தஞ்சாவூர், காரைக்குடி மாதிரியான ஊர்கள் அதில் உண்டு. இந்த அளவு ஊர்களுக்குப் பெரிய குழுமங்கள் எல்லாமே வந்துவிடாது. கல்லூரி, பஸ், கிரஷர் என்று வைத்திருக்கும் உள்ளூர்க்காரர்கள் எடுத்தால் பங்குச் சந்தை விவரம் உதவாது, 100 ரூபாய் கட்டும் வழி மட்டும்தான் மிஞ்சும். ஏலத்தில் வென்றவர் பட்டியல் வெளியான வாரமே எம்ஜிடி-7-ஐயும் ஏஓசி-4-ஐயும் இறக்கி வைத்துக்கொண்டால், மூன்று வருடம் கழித்துப் பங்கு கைமாறும்போது ஒப்பிட்டுப் பார்க்கலாம்.