வலசைக் காலத்தில் முதலில் வயதைப் பாருங்கள்

கடலோரக் குட்டைகளில் ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை வந்திறங்கும் உள்ளான்களை, அதாவது சேற்றில் இரை தேடும் சிறு கரைப்பறவைகளை, பார்த்துப் பலரும் குழம்புவதற்குக் காரணம், எடுத்த எடுப்பில் பெயரைத் தேடுவதுதான். இந்த மாதங்களில் முதல் கேள்வி, இது இந்த ஆண்டு பிறந்ததா, வளர்ந்ததா என்பதாக இருக்கட்டும்.

பெரும்பாலும் வளர்ந்தவை முன்னால் வந்துவிடும்; இளசுகள் சில வாரம் கழித்து வரும். வளர்ந்த பறவையின் முதுகில் தேய்ந்து வெளிறிய பழைய இறகும் புதிதாக முளைத்த சாம்பல் இறகும் கலந்து கிடக்கும். இளம் பறவைக்கு எல்லா இறகும் சேர்ந்தாற்போல் முளைத்தவை. ஒவ்வொன்றின் ஓரத்திலும் மெல்லிய வெளிர் கோடு ஓட, முதுகே மீன் செதில் அடுக்கியது போல இருக்கும். அவ்வளவு அழகு! ஆனால் நிறமி குறைந்த வெள்ளை ஓரம் சீக்கிரம் தேய்ந்துவிடும். பருவத் தொடக்கத்திலேயே பார்த்துவிடுங்கள்.

வயது தெரிந்தால் மற்றது சுலபம். வளைமூக்கு உள்ளானில் வளர்ந்ததற்கு வயிற்றில் செங்கல் நிறத் திட்டுகள் மிச்சமிருக்கும். இளசுக்கு மார்பில் இளம் மஞ்சள் கலந்த சாயல். இரண்டுக்குமே பறக்கும்போது வாலுக்கு மேலே பளிச்சென்று வெள்ளை தெரியும். இளம் கொசு உள்ளானின் முதுகில் வெள்ளை ‘வி’ கோடு இருக்கும், கால் கறுப்பு. கால் நிறத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். டெம்மிங்க் கொசு உள்ளானின் மஞ்சள் கால்கூடச் சேறு அப்பினால் கறுப்பாகத்தான் தெரியும். அது தண்ணீரில் இறங்கிக் காலைக் கழுவும்வரை பொறுங்கள்.

கடற்காகங்களில் வால் நுனியில் கறுப்புப் பட்டையும் இறக்கையில் பழுப்பும் இருந்தால் இளசு. கருந்தலைக் கடற்காகம் இந்நேரம் தலைக் கறுப்பை இழந்து, கண்ணுக்குப் பின்னால் ஒரு பொட்டோடு நிற்கும். இறக்கையின் முன் ஓரத்தில் வெள்ளைப் பட்டை தெரிந்தால் அதுதான். பழுப்புத்தலைக் கடற்காகத்துக்கு இறக்கை நுனி அகலமாகக் கறுத்திருக்கும்; வளர்ந்ததில் அந்தக் கறுப்புக்குள் வெள்ளைப் பொட்டுகள்.

வலசை வாத்துகளில் பலவற்றின் ஆண்களும் இந்நேரம் பெட்டை போலவே மங்கி இருக்கும். உடல் நிறத்தை விட்டுவிட்டு அலகையும் இறக்கையையும் பாருங்கள். ஆண் ஊசிவால் வாத்தின் அலகில் பக்கவாட்டு நீலச்சாம்பல் எப்போதும் மாறாது.

நேரம் முக்கியம். சேற்றுப் பரப்பில் மேயும் பறவைகளைக் கடல் ஏற்றம்தான் குட்டைகளுக்குத் தள்ளுகிறது. ஏற்றம் உச்சத்தைத் தொடுவதற்கு 2 மணி நேரம் முன்பே போய் உட்காருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றம் உயரமாக இருப்பதால் பறவைக் கூட்டம் அதிகம். வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். ஓய்வில் இருக்கும் கூட்டம் காற்றை எதிர்த்தே நிற்கும் என்பதால், காற்று குறுக்கே வீசும் இடம் கிடைத்தால் பக்கவாட்டுத் தோற்றம் முழுசாகக் கிடைக்கும். 20 முதல் 60 மடங்கு வரை பெரிதாக்கும் ஸ்கோப் (தொலைநோக்கி) ஆனாலும் 20-லேயே தொடங்குங்கள். வெயில் ஏறியதும் தரை அனல் அலையடிக்கும். உருப்பெருக்கத்தைக் கூட்டினால் அந்த அலையும் சேர்ந்து பெரிதாகும்.

கிட்டப் போகும் ஆசையை அடக்குங்கள். தூங்கிய பறவைகள் தலை தூக்கி, மேய்பவை நின்று, ஓரத்தில் இருப்பவை நடந்து விலகினால் நீங்கள் எல்லை தாண்டிவிட்டீர்கள். அவை பறப்பதற்கு முன்பே பின்வாங்குங்கள். பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து களைத்தவை, ஏற்றம் வடியும்வரை அவற்றுக்கு நிற்க வேறு இடம் இல்லாமலும் இருக்கலாம்.