ரிட்ஸ்வில் மண்ணின் மேல் ஒரு சாண்

வாஷிங்டன் மாநிலம் என்றதும் பலருக்கு சியாட்டில் மழைதான் நினைவுக்கு வரும். அந்த மழை கேஸ்கேட் மலைத்தொடரின் மேற்குப் பக்கத்தோடு முடிந்துவிடுகிறது. மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கினால் கொலம்பியா ஆறு வளைந்து போகும் ஹான்ஃபோர்டு பக்கம் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்வது 18 செ.மீ. அளவுதான். அங்கிருந்து வடகிழக்கே ரிட்ஸ்வில் என்ற சிறிய ஊரில் அது 28 செ.மீ. ஆகிறது. இன்னும் கிழக்கே, ஐடஹோ எல்லையில் இருக்கும் புல்மனில் 50 செ.மீ.யைத் தாண்டிவிடும். இந்த மூன்று இடங்களுக்கும் நடுவில் அலை அலையாகக் கிடக்கும் குன்றுகளில் பெரும்பாலானவை காற்று கொண்டுவந்து கொட்டிய வண்டல், அதாவது மணலைவிட மெல்லிய, களியைவிடப் பெரிய துகள். லோயஸ் என்று சொல்வார்கள்.

இந்த மேய்ச்சல் நிலங்களில் குழி வெட்டி, அடுக்கு அடுக்காகப் பார்த்து, மண்ணுக்கு உரிய பெயரை எழுதிக் கொடுப்பது என் வேலை. கோவையில் படித்த காலத்தில் கரிசலும் செம்மண்ணும்தான் கையில் பட்டவை. லோயஸ் தமிழ்நாட்டில் கிடையாது. அதனாலோ என்னவோ, முதன்முதலில் தொட்டபோது இதை மண் என்றே மனம் ஏற்கவில்லை. ஈரப்படுத்தி விரல்களுக்கு நடுவே தேய்த்தால் மணலின் நறநறப்பும் இல்லை, களியின் ஒட்டலும் இல்லை. சலித்த கோதுமை மாவு மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். கட்டை விரலால் தள்ளி நாடாவாக நீட்டப் பார்த்தால் கொஞ்ச தூரத்திலேயே ஒடிந்து விழும். கல் என்று ஒன்றும் தட்டுப்படாது. மண்வெட்டி இறங்கிக்கொண்டே இருக்கும்.

இவ்வளவு பொடி எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பனியுகத்துக்குப் போக வேண்டும். ஐடஹோவின் வடக்கே ஒரு பள்ளத்தாக்கைப் பனிப்பாறை அடைத்துக்கொண்டதில் மொன்டானாவில் மிசூலா என்ற பெரிய ஏரி தேங்கியது. சுமார் 18,000 முதல் 15,000 ஆண்டுகளுக்கு முன்பு அந்தப் பனி அணை திரும்பத் திரும்ப உடைந்தது. ஒவ்வொரு முறையும் வெள்ளம் கிழக்கு வாஷிங்டனை உழுதுகொண்டு போய், வலூலா என்ற குறுகிய கணவாயில் முட்டித் தேங்கி, வண்டலைப் படியவிட்டு வடிந்தது. வடிந்த இடம் காய்ந்தது. தென்மேற்குக் காற்று அந்த வண்டலைத் தூக்கி வடகிழக்கே எறிந்தது. கனத்த துகள் கிட்டத்தில் விழுந்தது, மெல்லிய துகள் தொலைவில் போய் விழுந்தது. இன்றைக்கும் தென்மேற்கிலிருந்து வடகிழக்காகக் குழி வெட்டிக்கொண்டே போனால் மண் நைஸாகிக்கொண்டே போவதைக் கையாலேயே உணரலாம்.

அதே வெள்ளம் வேறு இடங்களில் பழைய லோயஸைச் சுரண்டி எடுத்துவிட்டு, அடியில் இருந்த கறுத்த எரிமலைப் பாறையை வெளியே காட்டிவிட்டது. இப்படி ஒரு மாபெரும் வெள்ளம் வந்திருக்க வேண்டும் என்று புவியியலாளர் ஜே ஹார்லன் பிரெட்ஸ் 1923-இல் எழுதியபோது பெரிய புவியியலாளர்கள் ஏற்க மறுத்தார்கள். அவர் தான் பார்த்ததை விட்டுக்கொடுக்கவில்லை. 1979-இல், 96 வயதில், அவருக்குப் புவியியலின் பெரிய விருதான பென்ரோஸ் பதக்கம் கொடுத்தார்கள். ரிட்ஸ்வில்லுக்குத் தெற்கே சாலையோரம் நின்று பார்த்தால், சுரண்டப்பட்ட பாறைத் தரைக்கு நடுவே வெள்ளத்துக்குத் தப்பிய லோயஸ் குன்றுகள் தண்ணீர் போன திசையைக் காட்டியபடி நீள நீளமாக நிற்கும். எனக்கு இந்த நாட்டில் மிகவும் பிடித்த காட்சி அதுதான்.

சரி, குழிக்கு வருவோம்.

வறண்ட கோடியில் இருக்கும் மண்ணுக்கு ஷானோ என்று பெயர். அதற்கு அடுத்து, கொஞ்சம் கூடுதலாக மழை வாங்கும் மண் ரிட்ஸ்வில். நம் ஊரில் இருகூர், பீளமேடு என்று மண் தொடர்களுக்கு ஊர்ப்பெயர் வைத்திருப்பது போலவே இங்கும் ஊர்ப்பெயர்தான். இரண்டுமே லோயஸ், இரண்டும் ஆழமானவை. வண்டல்தான் அதிகம், களி 18 சதவீதத்துக்கும் குறைவு. சாலையிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் அமெரிக்க வகைப்பாட்டில் ஷானோ அரிடிசால் வரிசையில், அதாவது பாலை மண்களோடு நிற்கிறது. ரிட்ஸ்வில் மாலிசால் வரிசையில், புல்வெளிகளின் கறுத்த வளமான மண்களோடு நிற்கிறது. வகைப்பாட்டின் உச்சியிலேயே இரண்டும் பிரிந்துவிடுகின்றன.

பிரிப்பவை இரண்டு. ஒன்று ஈரம். ஆண்டில் எவ்வளவு காலம் வேர்ப்பகுதி காய்ந்து கிடக்கிறது என்ற கணக்கு. இன்னொன்று மேல் அடுக்கு. மேல்மண் மாலிக் என்ற தகுதியைப் பெற வேண்டுமானால் ஈரத்தில் பார்க்கும்போதும் உலர்த்திப் பார்க்கும்போதும் போதிய கறுப்பு இருக்க வேண்டும். மண்ணின் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் மன்செல் நிற அட்டையில் வெளிர்மை எண் ஈரத்தில் 3-க்கு மேலேயும், உலர்ந்த நிலையில் 5-க்கு மேலேயும் போகக் கூடாது. கரிமம் குறைந்தது 0.6 சதவீதம் வேண்டும். போதிய தடிமனும் வேண்டும். மேல் 18 செ.மீ.யைக் கலந்து பார்த்தாலும் இந்த நிறம் நிற்க வேண்டும், ஆழமான மண்ணாக இருந்தால் இன்னும் கூடுதலாகக் கேட்பார்கள். ஆக, ஏறக்குறைய ஒரு சாண் ஆழத்தில்தான் ரிட்ஸ்வில்லின் தலையெழுத்து இருக்கிறது. கீழே ஆள் உயரத்துக்கு இறங்கினாலும் அதே வெளிர் பழுப்பு வண்டல்தான்.

அடியில் பார்க்க வேண்டியது சுண்ணாம்பு. சிறிய புட்டியில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் எடுத்துப் போய், குழியின் சுவரில் மேலிருந்து கீழாகச் சொட்டுவிட்டுக்கொண்டே வருவோம். ஓர் ஆழம் வரை ஒன்றும் நடக்காது. அப்புறம் சட்டென்று பொங்கும். மழைநீர் அந்த ஆழம் வரைதான் சுண்ணாம்பைக் கரைத்து இறக்க முடிந்திருக்கிறது. ஷானோவில் இந்தக் கோடு மேலே இருக்கும், ரிட்ஸ்வில்லில் இறங்கும், அதற்கும் கிழக்கே வாலா வாலா மண்ணில் இன்னும் இறங்கும். புல்மனைச் சுற்றியுள்ள பலூஸ் மண்ணில் சுண்ணாம்பு கரைந்து இறங்கிப் போய்விட்டிருக்கும். மழைமானி இல்லாத ஒரு மேய்ச்சல் காட்டில் நான் நம்புவது இந்தப் பொங்கலைத்தான். ஓர் ஆண்டு மழையையோ பத்து ஆண்டு மழையையோ அது சொல்வதில்லை, ஆயிரக்கணக்கான ஆண்டுகளின் மழையைச் சொல்கிறது.

ரிட்ஸ்வில்லின் முழுப் பெயரை எழுதினால் இப்படி வரும்: கோர்ஸ்-சில்ட்டி, மிக்ஸ்டு, சூப்பர்ஆக்டிவ், மீசிக் கால்சிடிக் ஹாப்லோசெரால்ஸ். முதல் தடவை கேட்கிறவர்கள் மிரண்டு போகிறார்கள். ஆனால் இதில் வெறும் அலங்காரமாக வந்த சொல் ஒன்றுகூட இல்லை. களி குறைந்த வண்டல் என்பது முதல் சொல். ஒரே கனிமம் ஓங்கி நிற்கவில்லை, பல கனிமங்கள் கலந்திருக்கின்றன என்பது இரண்டாவது. இருக்கிற கொஞ்சக் களியும் ஊட்டச்சத்தை நன்றாகப் பிடித்துவைக்கும் என்பது மூன்றாவது. 50 செ.மீ. ஆழத்தில் ஆண்டுச் சராசரி வெப்பம் 8-லிருந்து 15 டிகிரிக்குள் என்பது நான்காவது. கால்சிடிக், அடியில் திரண்டிருக்கும் சுண்ணாம்பைச் சொல்கிறது. கடைசிச் சொல்லுக்குள் குளிர்காலத்தில் நனைந்து கோடையில் காயும் தட்பவெப்பமும், கறுத்த மேல்மண்ணும் இருக்கின்றன. ஷானோவின் பெயரில் முன்பகுதி அப்படியே வரும், முடிவு மட்டும் பாலை மண் வரிசையைக் காட்டும் செரிக் ஹாப்லோகேம்பிட்ஸ் என்று மாறும்.

அந்தக் கறுப்பு எப்படி வந்தது? புல்லின் வேரால். இங்கே இயற்கையாக நின்றது புளூபன்ச் வீட்கிராஸ் என்ற தூர் கட்டும் புல், அதன் இடையிடையே குட்டையான சாண்ட்பெர்க் புளூகிராஸ், மேலே சாம்பல் நிறத்தில் சேஜ்பிரஷ் புதர். தூர்களுக்கு நடுவே இருக்கும் வெற்றிடத்தைப் பாசியும் லைக்கனும் சேர்ந்த ஒரு மெல்லிய பொருக்கு மூடியிருக்கும். அந்தப் புல்லின் வேர்கள் ஆண்டுதோறும் ஒரு பங்கு செத்து, அதே இடத்தில் மட்கி, வண்டல் துகள்களின் மேல் கறுப்பாகப் படிகின்றன. வெள்ளமும் காற்றும் பொருளைக் கொடுத்தன. மாலிசால் என்ற பட்டத்தை வாங்கிக் கொடுத்தது புல்.

புதரும் தன் அடையாளத்தை விட்டுவைக்கிறது. குழிச் சுவரில் விரல் கனத்துக்கு உருளை உருளையாகக் கெட்டித்த மண் துண்டுகள் கிடைக்கும். சேஜ்பிரஷ் வேரில் சாறு குடித்து வளரும் சில்வண்டுக் குஞ்சுகள் தோண்டிய வளைகள் அவை, பின்னால் மண் நிரம்பி இறுகிப்போனவை. ஆழத்தில், மூடப்பட்ட பழைய மண்ணிலும் இவை இருக்கின்றன. அவற்றை வைத்து பனியுகத்திலும் இங்கே சேஜ்பிரஷ் நின்றிருக்கிறது என்று படிக்கிறார்கள். கூடவே சரிவுகளின் அடிவாரத்தில் வெள்ளைப் பட்டையாக ஒரு சாம்பல் வரும். சுமார் 7,700 ஆண்டுகளுக்கு முன்பு ஓரிகனில் மசாமா மலை வெடித்துத் துப்பிய சாம்பல். மேலே, உழாத நிலத்தில், 1980 மே 18 அன்று செயின்ட் ஹெலன்ஸ் மலை ரிட்ஸ்வில்லின் மேல் கொட்டிய சாம்பல் இன்னும் புதருக்கு அடியில் தங்கியிருக்கும்.

இனி என்னைத் தூங்கவிடாத விஷயம். இந்த மண்ணின் பெரும்பகுதி கோதுமைக்கு உழப்பட்டுவிட்டது. மேய்ச்சலுக்கு மிஞ்சியவை செங்குத்துச் சரிவுகளும், பாறைத் தரைக்கு நடுவே இருக்கும் லோயஸ் திட்டுகளும்தான். அங்கேயும் சீட்கிராஸ் என்ற வெளிநாட்டு ஓராண்டுப் புல் புகுந்துவிட்டது. கோடை தொடங்குவதற்குள் காய்ந்து நெருப்புக்குத் தயாராகிவிடும். நெருப்பில் சேஜ்பிரஷ் செத்துப்போகும், அடியிலிருந்து துளிர்க்காது. சீட்கிராஸோ அடுத்த மழையில் முதல் ஆளாக முளைத்து நிற்கும். 2000 ஜூனில் ஹான்ஃபோர்டு பக்கம் ராட்டில்ஸ்னேக் மலையடிவாரத்தில் பெருந்தீ வந்து போனபின், மூடியிருந்தது எரிந்துவிட்டதால் காற்று மண்ணைத் தூக்கத் தொடங்கியது. வண்டல் துகளைத் தூக்கக் காற்றுக்குச் சொல்லிக் கொடுக்கவா வேண்டும்? அதுதானே இதை இங்கே கொண்டுவந்தது.

ரிட்ஸ்வில் குன்றின் முகட்டில் அந்த ஒரு சாண் போய்விட்டால், என் அட்டையில் உலர்ந்த நிறம் 6 என்று காட்டும். மாலிசால் என்று எழுத முடியாது. மழை குறையவில்லை, அதனால் அரிடிசாலும் ஆகாது. இன்செப்டிசால் என்று எழுத வேண்டியிருக்கும், அதாவது இன்னும் முழுதாக உருவாகாத மண். பல ஆயிரம் ஆண்டு புல் செய்த வேலை, தாளில் ஒரு வரிசை மாற்றமாக முடிகிறது. பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு நகர்ந்து போக எனக்கு மனம் வருவதில்லை.

அதனால் அறிக்கையில் பெயருக்குக் கீழே இரண்டு அளவுகளைச் சேர்த்து எழுதுகிறேன்: புல் தூருக்கு நேர் அடியில் கறுத்த அடுக்கின் கனம், இரண்டு தூருக்கு நடுவில் அதன் கனம். இரண்டும் நெருங்கியிருந்தால் நிலம் தாக்குப்பிடிக்கிறது. தூருக்கு அடியில் மட்டும் கனமாக இருந்து, நடுவில் மெலிந்து, தூர் மேடையேறி நிற்பது போல் தெரிந்தால் இடைவெளியில் மண் போய்க்கொண்டிருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் நான் நில உரிமையாளரிடம் பேசுவது மாட்டின் எண்ணிக்கையைவிட மாதத்தைப் பற்றித்தான். வசந்தத்தின் பிற்பகுதியில் புளூபன்ச் கதிர்விடத் தயாராகும்போது அதன் வளர்நுனி தரைக்கு மேலே ஏறி வந்திருக்கும். அப்போது கடித்துவிட்டால் மறுபடி துளிர்க்க ஈரம் மிச்சமிருக்காது. ஒரே பட்டியில் ஒவ்வோர் ஆண்டும் அதே வாரங்களில் மாடு விடுவதை நிறுத்துங்கள், ஓர் ஆண்டு விதை உதிரும் வரை காத்திருங்கள் என்று சொல்கிறேன். சீட்கிராஸை மட்டும் மேய்த்து அடக்க வேண்டுமானால், தூர்ப்புல் நுனி ஏறுவதற்கு முன்பே மாட்டை விட்டு, சீக்கிரம் ஓட்டிக்கொண்டு போய்விட வேண்டும்.