கொம்பின் நீளமும் மானின் வயதும்

ராயபுரத்தில் எங்கள் தெருப் பெரியவர் வீட்டுச் சுவரில் அவருடைய தாத்தா காலத்து வெளிமான் கொம்பு ஒரு ஜோடி இருக்கிறது, உரிமைச் சான்றிதழோடு. பார்க்கிற எல்லோரும் முதலில் கேட்பது, "எத்தனை அங்குலம்?"

வேட்டைக்காரர்களும் அதைத்தான் கேட்டார்கள். வேட்டை விலங்குகளைப் பாடம் செய்த லண்டன்காரர் ரோலண்ட் வார்டு 1892-ல் வெளியிட்ட கொம்பளவுச் சாதனைப் பதிவேட்டுக்குப் பிறகு டேப்தான் தீர்ப்பு சொல்கிறது. ஆப்பிரிக்கக் குடு மானுக்கு முறுக்கின் விளிம்போடு அளக்கிறார்கள். அதனால் ஆழமாகச் சுருண்ட கொம்புக்கு அங்குலம் கூடும். ஜெம்ஸ்பாக் என்ற இன்னொரு ஆப்பிரிக்க மானில் பெண்ணின் கொம்புதான் மெலிந்து நீளமாக வளரும். நீளம் மட்டுமே கணக்கென்றால் குட்டி ஈனும் தாய் மான் குறியாகிவிடுகிறது. எனக்கு இது பொறுக்கவில்லை.

இன்னொரு வகை வேட்டைக்காரர்கள் நுனி தேய்ந்த கிழட்டுக் கொம்பைத் தேடுகிறார்கள். டேப்பில் அது தோற்கும். ஆனால் அந்த ஆண் தன் வம்சத்தை விட்டுவிட்டுத்தான் போயிருக்கும். வேட்டை நடக்கும் நாடுகளில் இந்த ரசனைதான் நியாயம் என்பேன். கனடாவின் ஆல்பர்ட்டாவில் பெருங்கொம்பு ஆடுகளில் பெரிய கொம்புள்ள கிடாக்களையே சுட்டுச் சுட்டு, பிறகு பிறந்தவற்றின் கொம்பே சிறுத்துவிட்டது என்று 2003-ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

புள்ளிமானுக்குக் கொம்பு விழுந்து முளைக்கும். வெளிமானுக்கு அப்படியில்லை, ஆயுளுக்கும் ஒரே ஜோடிதான்; அதனால்தான் தேய்ந்த நுனி வயதைச் சொல்கிறது.

சரி, நம் ஊரில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வெளிமானைத் தொட முடியாது. தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் நேரே கிண்டி. பிள்ளைகளைச் சிறுவர் பூங்காவுக்கு அழைத்துப் போங்கள், அந்த முறுக்கை உயிருள்ள மானின் தலையில் காட்டுங்கள்.