பின்பக்கத்துப் படி

பெப்ரவரி 5, புதன்

ஆஸ்பத்திரியிலிருந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு மஸ்கெலியாத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர இருட்டிவிட்டது. சளிக்காகத்தான் வார்டில் சேர்த்தோம். சளி போய்விட்டது, காலும் போயிருக்கிறது. சேலை மாற்றும்போது பார்த்தேன், தொடை பிழிந்து போட்ட துணி மாதிரி.

2007இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு செய்தார்கள். நோய் நொடியில்லாத முதியவர்களை 10 நாள் கட்டிலிலேயே வைத்துப் பார்த்தார்கள். கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை குறைந்தது. நல்ல உடம்புக்கே அப்படியென்றால், காய்ச்சலோடு கிடந்த அம்மாவுக்கு?

பெப்ரவரி 6

வந்து பார்க்கிறவர்களுக்கெல்லாம் ஒரே பேச்சு. "மாடா ஒழைச்ச ஒடம்பு. இனியாச்சும் படுத்துக் கெடக்கட்டும் புள்ள." அன்போடுதான் சொல்கிறார்கள். எனக்கு நெஞ்சு பதறுகிறது.

பெப்ரவரி 8, சனி

பிசியோ மிஸ் வார்டில் காட்டித் தந்ததை வீட்டில் செய்து பார்த்தோம். பிளாஸ்டிக் கதிரையை வழுக்காமல் சுவரோடு ஒட்டிப் போட்டேன். இரண்டு கையையும் நெஞ்சின் குறுக்கே மடித்துக்கொண்டு, 30 செக்கனில் எத்தனை தடவை முழுசாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ண வேண்டும். 75 முதல் 79 வயது வரையான பெண்களுக்கு 10க்குக் கீழே இருந்தால் விழுகிற ஆபத்து கூட. அம்மாவுக்கு 77.

மூன்று. நாலாவதுக்குக் கை தானாகவே கதிரையின் விளிம்பைத் தேடிப் போனது.

கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு, மழையில், சரிவில், கவ்வாத்து வெட்டிய தேயிலை மலையில் குச்சி குத்தக் குத்த ஏறிய கால்கள் இவை. விடியுமுன்னே, வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் நின்றுவிடுவாள். ஏற்றம் என்று ஒருநாளும் அவள் சொல்லி நான் கேட்டதில்லை. அந்தக் கால்களுக்கு இப்போது ஒரு கதிரையின் உயரம் பெரிதாகிவிட்டது. இதை வயது என்று சொல்லி விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. வேலை இல்லாமல் போனதால்தான் இந்தக் கால் இளைத்தது. வேலை கொடுத்தால் திரும்பும்.

பெப்ரவரி 11

மழை. பின்பக்கத்துப் படியில் பாசி. கக்கூசுக்குக் கையைப் பிடித்துத்தான் கூட்டிப்போகிறேன்.

பெப்ரவரி 13

காலையில் எழுந்ததும் தலை சுற்றி வீட்டு முன்பக்க இஸ்தோப்புத் தூணைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்து வீட்டுப் பிரஷர் மெஷினை வாங்கி, படுத்திருக்கும்போது ஒருமுறை, எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் ஒருமுறை பார்த்தேன். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் டொக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். அவ்வளவு இறங்கவில்லை. ஆனாலும் கொப்பியில் எழுதினேன். பிரஷர் குளிசை கூடிப்போனாலும் இப்படி வருமாம். இனிமேல் கட்டில் ஓரத்தில் கொஞ்சம் உட்கார்ந்து, பாதத்தை மேலும் கீழும் ஆட்டிவிட்டுத்தான் எழுந்து நிற்க வேண்டும்.

தம்பி கொழும்பிலிருந்து பேசினான். கட்டில் பக்கத்திலேயே கக்கூசுக்கு வைக்கிற கொமோட் கதிரை வாங்கி அனுப்புகிறானாம். ராத்திரிக்கு மட்டும் என்றால் சரி. பகலிலும் அதுவே என்றால் அம்மாவுக்கு எழுந்து நடக்க ஒரு காரணமே இருக்காது.

பெப்ரவரி 16, ஞாயிறு

பழைய துணிப்பையில் அரைக்கிலோ பருப்பைப் போட்டுக் கணுக்காலில் கட்டினோம். உட்கார்ந்தபடி முழங்காலை மெதுவாக நீட்டி, மெதுவாக மடக்க வேண்டும். "பருப்பத் திங்கச் சொல்லுவாங்க, கால்ல கட்டச் சொல்லுறியே" என்று சிரித்தாள். வீட்டுக்கு வந்த பிறகு இன்றைக்குத்தான் அந்தச் சிரிப்பு.

பக்கத்து லயத்து வரிசை வீட்டுச் சின்னம்மா பார்த்துவிட்டு, "வயசானவளப் போட்டு ஏன் வதைக்கிற" என்றார். பொஸ்டன் முதியோர் இல்லமொன்றில் 90 வயதுக்காரர்களுக்கு 8 வாரம் பாரம் கொடுத்துக் கால்பயிற்சி செய்வித்த கதையைச் சொன்னேன். 1990இல் வெளிவந்த ஆய்வு. முடிவு வரை நின்ற 9 பேரின் கால்வலிமை சராசரியாக 174 வீதம் கூடியது. சின்னம்மா ஒன்றும் சொல்லவில்லை. போகும்போது தன் முழங்காலைத் தடவிக்கொண்டே போனார்.

பெப்ரவரி 19

மாட்டேன் என்றுவிட்டாள். போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். வெளியே பனி.

பெப்ரவரி 20

இன்றும்.

பெப்ரவரி 23, ஞாயிறு

ரொட்டியும் சம்பலும் சாயத்தண்ணியும் மட்டும் சாப்பிட்டால் தசை எதிலிருந்து வளரும்? முதியவர்களுக்கு உடம்பு எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும். அம்மா 42 கிலோ. ஒரு முட்டையில் 6 கிராம்தான். அதனால் காலையில் முட்டை, பத்து மணிக்கு அவித்த கடலை, பகலுக்குப் பருப்போடு நெத்தலிக் கருவாடு. கருவாட்டை வெந்நீரில் நன்றாக ஊறவைத்து உப்பை இறக்க வேண்டும், பிரஷர் இருக்கிறதே.

முட்டை விலையை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

பெப்ரவரி 27, வியாழன்

"அதான் நடக்கிறாங்களே, அது போதும்" என்கிறான் தம்பி. போதாது. நடை மூச்சுக்கு நல்லது. விழாமல் காக்கிறது சமநிலைப் பயிற்சியும் கால்வலிமையும். 65 தாண்டியவர்கள் இவை இரண்டையும் கிழமைக்கு 3 நாளாவது செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் எழுதி வைத்திருக்கிறது. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் இப்படியொரு வீட்டுப் பயிற்சியை முதலில் சோதித்ததே 80 தாண்டிய பெண்களிடம்தான்.

அடுப்படித் திண்டைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துகிறாள். பிறகு ஒரு பாதத்தின் விரலுக்கு முன்னால் மற்றப் பாதத்தின் குதிகாலை ஒட்டி வைத்து நிற்கிறாள். 10 செக்கன் நிற்க வேண்டும். நான் பின்னால் கையை விரித்துக்கொண்டு நிற்கிறேன், தொடுவதில்லை.

மிஸ் சொன்ன இன்னொன்றும் மனதில் நிற்கிறது. கதிரையிலிருந்து எழும்போது வேகமாக, உட்காரும்போது மெதுவாக. வயதாகும்போது வேகமாக இயங்கும் தசை இழைகள்தான் அதிகம் மெலிகின்றன. படியில் கால் வழுக்கும் அந்த நொடியில் உடம்பைப் பிடித்து நிறுத்த வேண்டியவையும் அவைதான்.

மார்ச் 3, திங்கள்

காமன் கூத்துத் திருவிழாவுக்கு மேலே பொட்டலில் காமன் ஊன்றிவிட்டார்கள். மேலேயிருந்து தப்பு மேளச் சத்தம். அம்மா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். "பொட்டலுக்கு ஏற முடியுமா புள்ள?" நான் பதில் சொல்லுமுன் அவளே கதிரையிலிருந்து எழுந்துவிட்டாள். கையை ஊன்றவில்லை.

மார்ச் 6

கதிரையில் இன்றைக்கு ஏழு!

மார்ச் 8, சனி

படிக்குக் கைபிடி போட்டுத் தரச் சொல்லித் தோட்டத்து ஆபிசில் கடிதம் கொடுத்துப் பார்த்தாயிற்று. பதில் இல்லை. லயத்துப் பையன்கள் இரும்புக் குழாயொன்றைக் கொண்டுவந்து சீமெந்து வைத்து நட்டுத் தந்தார்கள். பாசியை நான் தேங்காய்மட்டையால் தேய்த்தேன். இந்த லயத்தில் அம்மா வயதில் இன்னும் எத்தனை பேர், எல்லாருக்கும் இதே படிதான்.

மார்ச் 10, திங்கள்

நாளைக்குக் கிளினிக். மிஸ்ஸிடம் கேட்க: பாரத்தை ஒரு கிலோவாக்கலாமா. வலது முழங்காலில் சத்தம், வலி இல்லை. படி இறங்கும்போது பலமில்லாத கால்தானே முதலில்? சின்னம்மாவும் கூட வருகிறாராம், அவரையும் பார்ப்பார்களா.